தூங்காத காந்தம்!



முதலில் ஒரு விடுகதை. விடை சொல்லுங்கள், பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது, மூக்குக்கு வாசனை இல்லை. இரவும் தூங்காது, பகலும் தூங்காது. இரும்பைக் கண்டால் மட்டும் விடவே விடாது. அது என்ன?

'காந்தம்' என்கிறீர்களா? சபாஷ்! ஆனால், நான் கேட்பது உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சின்ன லாட காந்தத்தைப் பற்றி அல்ல. ஓர் ஆளையே உள்ளே படுக்க வைக்கும் ராட்சதக் காந்தத்தைப் பற்றி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த இயந்திரத்தின் உயிரே இந்தக் காந்தம்தான்.

ஒரு காலத்தில் எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்தில் இப்படி ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டுமானால் வேலூருக்கோ, சென்னைக்கோ, புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். இப்போது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளிலேயே எம்.ஆர்.ஐ. மையங்களை நடத்துகிறது. ஆகவே உங்கள் தாத்தாவோ, பாட்டியோ, ஏன் நீங்களேகூட ஒருநாள் அந்த அறை வாசலில் நிற்க நேரலாம். அங்கே எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்துகொள்வோமா?

தண்ணீர் தரும் படம்

எக்ஸ்ரே எலும்பை நன்றாகக் காட்டும். ஆனால் மூளை, நரம்பு, தசை, முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் மெத்தென்ற தட்டு ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டாது. அவற்றைக் காட்டுவதில் கெட்டிக்காரர் எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையவே கிடையாது.

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்த ஊசி மாதிரி. சாதாரணமாக அவை காலை மணி அடிக்கும் முன் மைதானத்தில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய காந்தத்துக்குள் போனதும், அவற்றில் ஒரு பகுதி 'அட்டென்ஷன்' சொன்னது போல வரிசைக்கு வந்துவிடும். அப்போது இயந்திரம் ரேடியோ அலையை அனுப்பி அவற்றை லேசாகத் தட்டிவிடும். அலை நின்றதும் அவை மறுபடி வரிசைக்குத் திரும்பும். திரும்பும்போது மெல்லிய ரேடியோ சைகை ஒன்றைக் கொடுக்கும். அந்தச் சைகைகளைக் கணினி சேகரித்துப் படமாக்கிவிடும்.

அமெரிக்காவில் ரேமண்ட் டமாடியன் என்ற மருத்துவரும் அவருடைய மாணவர்களும் 1977 ஜூலை 3 அன்று, மனித உடம்பை இம்முறையில் முதன்முதலாகப் படம் எடுத்தார்கள். ஒரே ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆனது! இந்த முறையை வளர்த்த பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எவ்வளவு பலம்?

காந்தத்தின் பலத்தை 'டெஸ்லா' என்ற அலகால் அளப்பார்கள். பெரும்பாலான எம்.ஆர்.ஐ. இயந்திரங்களின் பலம் 1.5 டெஸ்லா. சிலவற்றில் 3 டெஸ்லா. நம் பூமியும் ஒரு காந்தம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? திசைகாட்டியின் முள்ளைத் திருப்புவது அதுதான். அந்தப் பூமிக் காந்தப் புலத்தைப் போல 30,000 மடங்கு பலம் இந்த 1.5 டெஸ்லா!

இவ்வளவு பலம் எப்படி வந்தது? நியோபியம், டைட்டானியம் என்ற இரண்டு உலோகங்கள் கலந்த கம்பியை வளையம் வளையமாகச் சுற்றி, அதைத் திரவ ஹீலியத்தால் குளிர வைக்கிறார்கள். எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா? மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்! அந்தக் குளிரில் கம்பி மின்சாரத்துக்குத் தடையே கொடுக்காது. ஒருமுறை மின்சாரத்தை உள்ளே விட்டால், அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. வீட்டில் 'கரன்ட்' போனால் மின்விசிறி நின்றுவிடும். ஆனால் கரன்ட் போனாலும் இந்தக் காந்தம் நிற்காது. ஸ்கேன் எடுத்து முடித்து, விளக்கை அணைத்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அது காந்தமாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை கிடையாது.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் மலையுச்சியில் எரியும் தீபத்தைப் பல மைலுக்கு அப்பால் இருந்தே பார்க்கலாம். நெருப்பு தன் வெளிச்சத்தாலும் சூட்டாலும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிவிடுகிறது. காந்தம் அப்படிச் சொல்வதில்லை. சத்தம் இல்லாத நேரத்தில் அந்த இயந்திரம், அணைத்து வைத்த இயந்திரம் போலவே தோன்றும். அதனால்தான் ஏமாந்து போகிறார்கள்.

உதவ ஓடியவர்கள்

2018 ஜனவரி 27. மும்பையில் நாயர் மருத்துவமனை. உறவினர் ஒருவரை ஸ்கேனுக்கு அழைத்து வந்திருந்தார் ஓர் இளைஞர். நோயாளிக்கு ஆக்சிஜன் தேவை. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அந்த இளைஞர் ஸ்கேன் அறைக்குள் போனார். இயந்திரம் அணைக்கப்பட்டிருப்பதாக ஊழியர் ஒருவர் சொன்னார் என்று குடும்பத்தார் பிறகு கூறினார்கள். காந்தம் விழித்துத்தான் இருந்தது. சிலிண்டரோடு அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. அவர் பிழைக்கவில்லை.

அதற்கு முன்பே, 2014 நவம்பரில், நவி மும்பையில் கார்கர் என்ற இடத்திலுள்ள டாட்டா நினைவுப் புற்றுநோய் மையத்தில், உள்ளே வந்த சிலிண்டருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இரண்டு ஊழியர்கள் சிக்கிக்கொண்டார்கள். காந்தத்தின் பலத்தை நீக்கும் அவசரப் பொத்தான் வேலை செய்யவில்லை. சுமார் நான்கு மணி நேரம் கழித்துத்தான் அவர்கள் விடுபட்டார்கள்.

2001ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ஸ்கேனுக்குப் படுத்திருந்தான். அவனுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்ற அவசரத்தில் சிலிண்டர் அறைக்குள் வந்துவிட்டது. பறந்து வந்த சிலிண்டர் தாக்கி அந்தப் பிள்ளை இறந்துபோனான். அதே மாநிலத்தில் 2025 ஜூலையில், ஸ்கேன் முடிந்த மனைவியைக் கைகொடுத்து எழுப்பப் போனார் ஒருவர். உடற்பயிற்சிக்காக அவர் கழுத்தில் சுமார் 9 கிலோ எடையுள்ள உலோகச் சங்கிலி கிடந்தது. காந்தம் அவரை இழுத்துக்கொண்டது. அவரும் உயிர் பிழைக்கவில்லை.

இந்த நிகழ்ச்சிகளைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, குழந்தைகளே. உலகம் முழுவதும் தினம்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த ஸ்கேன் எடுத்துக்கொண்டு நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இங்கே கெட்ட எண்ணத்தோடு உள்ளே போனவர் யாரும் இல்லை. ஒருவர் உறவினருக்காகப் போனார். ஒருவர் மனைவிக்காகப் போனார். அந்தச் சிறுவனுக்கும் உதவத்தான் சிலிண்டர் வந்தது. நல்ல மனசு இருந்தது. வாசலில் ஒரு நிமிடம் நின்று கேட்பது மட்டும் விட்டுப்போனது.

கேட்டுப் பழகிய மருத்துவர்கள் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? ஸ்கேனில் இருக்கும் நோயாளிக்குத் திடீரென்று மூச்சுத் திணறினால், கருவிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட மாட்டார்கள். முதலில் நோயாளியை மேஜையோடு வெளியே கொண்டுவருவார்கள். கதவுக்கு வெளியேதான் சிகிச்சை. அதாவது, அந்த அறையில் உதவி உள்ளே போகாது. நோயாளிதான் உதவியைத் தேடி வெளியே வருவார். தீயணைப்பு வீரர்கள்கூடக் கோடரியோடும் இரும்பு உருளையோடும் அந்த அறைக்குள் பாயக் கூடாது.

நான்கு படிகள்

2001ல் அந்தச் சிறுவன் இறந்த பிறகு, அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் ஒன்றுகூடி 2002ல் விதிமுறைகளை வெளியிட்டார்கள். ஸ்கேன் மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரிப்பது அவற்றில் ஒன்று. இப்போது பல நாடுகளில் இதைப் பின்பற்றுகிறார்கள்.

முதல் பகுதி, எல்லோரும் வந்து போகும் இடம். இரண்டாவது பகுதியில் நோயாளியிடம் கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். உலோகப் பொருட்களைக் கழற்றச் சொல்வார்கள். மூன்றாவது பகுதிக்குள் பயிற்சி பெற்றவர்களும், அவர்கள் சோதித்து அனுமதித்தவர்களும் மட்டுமே போகலாம். நான்காவது பகுதிதான் காந்த அறை.

கோயிலுக்குப் போனால் செருப்பை எங்கே விடுகிறோம்? வாசலிலேயே விடுகிறோம். கருவறை வரை போட்டுக்கொண்டு போய் அங்கே கழற்றுவதில்லை அல்லவா? அது போல, இரும்பை விட வேண்டிய இடம் காந்த அறை அல்ல. அதற்கு வெகு முன்பே விட்டுவிட வேண்டும்.

'காந்தம் இழுப்பது தெரிந்ததும் பின்வாங்கிக்கொள்ளலாமே?' என்று சில கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். முடியாது! கதவருகே இழுப்பே தெரியாது. இன்னும் இரண்டடி வைத்தால் திடீரென்று பல மடங்காகிவிடும். கையிலிருந்து கத்தரிக்கோல் பறந்த பிறகுதான், 'ஐயோ' என்று சொல்ல நேரம் கிடைக்கும்.

பேத்தி கண்டுபிடித்த ஊக்கு

அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி. இடுப்பு வலிக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் போனாள். வளையல், தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு, "எல்லாம் ஆச்சு" என்று எழுந்துவிட்டார் பாட்டி.

"ஆயா, தாலிக் கயித்துல ஊக்கு மாட்டியிருக்கியே!" என்றாள் பேத்தி.

"அடி ஆமாம் கண்ணு! அது எப்பவும் அங்கதானே கிடக்கு, நெனப்பே வரலையே!" என்றார் பாட்டி. ஒன்றல்ல, மூன்று ஊக்குகள் இருந்தன. கொண்டையில் இரண்டு ஹேர்பின். காலில் மெட்டி. எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் உள்ளே அனுப்பினார்கள்.

பார்த்தீர்களா? தினமும் உடம்போடு ஒட்டியிருப்பதுதான் நினைவுக்கு வராது. ஊக்கு, ஹேர்பின், தாயத்து, அரைஞாணில் கோத்த உலோகம், இரும்பு மோதிரம், காப்பு, கொலுசு, பெல்ட், சாவி, கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, கழற்றி மாட்டும் பல் செட், செல்போன், சட்டைப் பையில் கிடக்கும் சில்லறை... எத்தனை இருக்கின்றன! பெரியவர்கள் மறந்தால், நீங்கள் மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

'தங்கமும் வெள்ளியும்தான் காந்தத்தில் ஒட்டாதே, அதை ஏன் கழற்ற வேண்டும்?' நல்ல கேள்வி! ஒட்டாது, உண்மைதான். ஆனால் ஸ்கேன் எடுக்கும்போது வரும் ரேடியோ அலைகள், மின்சாரம் கடத்தும் எந்த உலோகத்தையும் சூடாக்கலாம், தோலைச் சுட்டுவிடலாம். படமும் கலங்கிப்போகும். இதே காரணத்தால்தான் ஆரணிப் பட்டுப் புடவை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஸ்கேனுக்கு ஆகாது. ஜரிகை என்பது வெள்ளி, செம்பு போன்ற உலோக இழையைச் சுற்றிச் செய்தது. ஆகவே மருத்துவமனையில் கொடுக்கும் உடையைப் போட்டுக்கொள்வதுதான் நல்லது.

கழற்ற முடியாதவை

சில பொருட்கள் உடம்புக்கு உள்ளேயே இருக்கும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர், மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, எலும்பு முறிவுக்கு வைத்த தகடு, ஸ்குரு... இவற்றில் சிலவற்றோடு ஸ்கேன் எடுக்கலாம். சிலவற்றோடு எடுக்கவே கூடாது. எது எப்படி என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் வேலை, மறைக்காமல் சொல்வது. ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சீட்டையும் அட்டையையும் பத்திரமாக எடுத்துப் போவது.

வெல்டிங் பட்டறையிலும் லேத் பட்டறையிலும் வேலை செய்தவர்களிடம், "கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்ததா?" என்று கேட்பார்கள். இருபது வருடத்துக்கு முன் நடந்ததாக இருந்தாலும் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தங்கிவிட்ட ஒரு சிறு துணுக்கு காந்தத்தால் அசைந்தால் பார்வைக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். பச்சை குத்தியிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

சாலையில் சிக்னல் இருப்பது போல, ஸ்கேன் மையத்துப் பொருட்களுக்கும் மூன்று அடையாளங்கள் உண்டு. பச்சைச் சதுரம் என்றால், காந்த அறைக்குள் தாராளமாகக் கொண்டுபோகலாம். மஞ்சள் முக்கோணம் என்றால், சில நிபந்தனைகளோடு மட்டும் போகலாம். சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் என்றால், கூடவே கூடாது. சாதாரண சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், துடைப்பவர் கொண்டுவரும் இரும்பு வாளி எல்லாம் சிவப்புக் கட்சி. அந்த அறைக்கென்றே இரும்பில்லாத நாற்காலியும் வண்டியும் தனியாக உண்டு.

உள்ளே படுத்தால்...

ஒருவேளை நீங்களே ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால் பயப்படாதீர்கள். வலிக்காது. ஊதுகுழல் மாதிரியான குகைக்குள் மேஜை மெதுவாகப் போகும். 'டக் டக் டக்', 'கிர்ர்ர்' என்று பெரிய சத்தம் வரும். காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் வேகமாக மாறி மாறிப் பாய்வதால் அவை அதிர்ந்து எழுப்பும் சத்தம் அது. காதில் பஞ்சு போன்ற அடைப்பானோ, ஹெட்போனோ கொடுப்பார்கள். அதைக் கழற்றாதீர்கள்.

அசையாமல் படுத்திருக்க வேண்டும். கைகளைக் கோத்துக்கொள்ளவோ, கால்களைப் பின்னிக்கொள்ளவோ கூடாது. ஏன்? தோலும் தோலும் தொட்டு ஒரு வளையம் போல ஆனால், அதில் மின்சாரம் சுற்றி, தொட்ட இடம் சுட்டுவிடலாம். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். உடம்பில் எங்காவது சுட்டாலோ, பயமாக இருந்தாலோ அதை அழுத்தினால் போதும். வெளியே மணி அடிக்கும். அழுத்துவதற்கு வெட்கப்படவே கூடாது.

சிவப்புப் பொத்தான்

தூங்காத காந்தத்தைத் தூங்க வைக்க ஒரு வழி உண்டு. அவசரப் பொத்தானை அழுத்தினால், திரவ ஹீலியம் கொதித்து வாயுவாகிவிடும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாகப் பெருகும்! அது கூரைக்கு மேலே குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் வாயு அறைக்குள் நிறைந்து, ஆக்சிஜனை விரட்டிவிடும், மூச்சு முட்டும். காந்தத்தை மறுபடி சரிசெய்யப் பல லட்சம் ரூபாய் செலவாகும். அதனால் காந்தத்தில் மனிதர் யாராவது சிக்கிக்கொண்டால் மட்டுமே, பயிற்சி பெற்றவர்கள் அதை அழுத்துவார்கள். பொத்தானை அழுத்தினாலும் காந்தம் அடங்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகிவிடும். ஒரு நொடியில் வரும் ஆபத்துக்கு இரண்டு நிமிட மருந்து! வருமுன் காப்பதுதானே புத்திசாலித்தனம்?

செய்து பாருங்கள்

ஒரு ஸ்கேல், ஒரு காந்தம், ஒரு குண்டூசி எடுத்துக்கொள்ளுங்கள். குண்டூசியை ஸ்கேலின் 0 பக்கத்தில் வையுங்கள். காந்தத்தை மறுமுனையிலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு, ஓரிடத்தில் ஊசி 'டக்'கென்று தாவும்! எத்தனை மில்லிமீட்டரில் தாவியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வீட்டிலுள்ள 1 ரூபாய் நாணயத்தைக் காந்தத்திடம் காட்டுங்கள். இப்போது புழக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் ஒட்டும். அவை காந்தம் இழுக்கும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. சட்டைப் பையில் சில்லறை ஏன் இருக்கக் கூடாது என்று இப்போது புரிகிறதா? ஒன்று கவனம்: சின்னக் காந்தங்களை வாயில் போடக் கூடாது, தம்பி, தங்கைக்கு எட்டும்படியும் வைக்கக் கூடாது.

சோதனை முடிந்ததும், 'கழற்ற வேண்டியவை', 'சொல்ல வேண்டியவை' என்று இரண்டு தலைப்புப் போட்டு ஒரு தாளில் எழுதி, வீட்டில் மருத்துவச் சீட்டுகள் இருக்கும் பையில் வைத்துவிடுங்கள். என்றைக்காவது யாருக்காவது ஸ்கேன் என்றால், அந்தத் தாளைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. அந்த அறை வாசலில், "உள்ளே வரலாமா? இதைக் கொண்டுவரலாமா?" என்று கேட்ட பிறகே காலை எடுத்து வைக்க வேண்டும் என்றும் அவர்களிடம் சொல்லுங்கள். ஓடிப்போய் உதவுவது நல்ல குணம்தான். அங்கே மட்டும், நின்று கேட்டுவிட்டு உதவுவதுதான் உயிரைக் காக்கும்.

என்ன குழந்தைகளே, செய்வீர்கள்தானே?